நலமாக இருப்பதாகச் சொல்லச் சொன்னார்

புதுக்கோட்டை
8 ஜூலை 2024

அன்புள்ள சுமையா,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. தபால்காரரைத் தடுக்க உன்னால் முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். கீரனூர் முகவரியை நம் ஆலோசனை மையத்து அன்புமொழியிடம் கெஞ்சி வாங்கினேன். அவளைத் திட்டாதே. பாவம், என் தொல்லை தாங்காமல் கொடுத்தாள்.

திருச்சியில் கல்லூரியில் பாடம் எடுக்கிறாயாம், தினமும் பஸ்ஸில் போய் வருகிறாயாம். எம்.எஸ்சி. படித்த காலத்தில் ஜன்னல் சீட்டுக்காக என் முடியைப் பிடித்து இழுத்தவள் நீ. இப்போது போட்டிக்கு ஆளில்லை, நிம்மதியாக உட்கார்ந்து போ.

ஜனவரியில் எந்த விஷயத்துக்காகச் சண்டை போட்டு நீ மையத்து வேலையை விட்டாயோ அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் எழுதமாட்டேன். கோட்டைப்பட்டினத்து அக்கா என்றால் உனக்குப் புரியும். நவம்பரில் காற்றும் மழையுமாக இருந்தபோது மீன்பிடிக்கப் போன வல்லம் உடைந்து, கூடப் போன இரண்டு பேரின் உடல் கரை ஒதுங்கி, கணவரின் உடல் மட்டும் கிடைக்காமல் போன அக்கா. எட்டு வயதில் ஒரு பெண் குழந்தை. அவர் திரும்பி வருவார் என்று தினமும் கரையில் போய் நின்றாரே, மாதம் தவறாமல் கணவர் போனுக்கு ரீசார்ஜ் போட்டாரே, “பேலன்ஸ் இல்லாட்டி அவுக எப்புடிக் கூப்புடுவாக?” என்று கேட்டாரே, அவர்தான்.

நீ பார்க்க மாட்டேன் என்றாய். நான் பார்த்தேன். ஜனவரியிலிருந்து வாரம் ஒரு முறை. கணவர் இறந்துவிட்டார் என்பதை ஏற்றுக்கொள்ள அவரைக் கைபிடித்து நடத்திக்கொண்டு போனேன். மே மாதக் கடைசியில், “இந்த மாசம் ரீசார்ஜ் போடல டாக்டரம்மா” என்றார். ஜீப்பில் திரும்பி வரும்போது நான் அழுதுவிட்டேன். ஐந்து மாத உழைப்பு பலித்துவிட்டது என்ற சந்தோஷம். அதற்குப் பிறகு ஒரு மாதம் பயிற்சிக்காகச் சென்னை போய்விட்டேன்.

போன வாரம் திரும்பிப் போனேன். நம் மையத்து சேரனும் டிரைவரும் கூட வந்தார்கள். அக்கா கூடத்துக்கே வரவில்லை. உள்ளறையில் ஜன்னலை மூடி, திரை போட்டு, வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தார். நான் மட்டும் உள்ளே போனேன். ஏதேதோ ஓதிக்கொண்டிருந்தார். கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார். அந்தக் குழந்தை அடுப்படியில் நின்று டீ போட்டு எங்களுக்குக் கொண்டுவந்தது. பள்ளிக்கூடம் திறந்து மூன்று வாரமாகியும் போகவில்லையாம். நான் அறிக்கை எழுதினேன்: வீட்டாரால் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறார், கடுமையான மனச்சோர்வு, குழந்தையைப் பராமரிக்க இயலாத நிலை. குழந்தைகள் நலக் குழுவினர் அவளைத் தற்காலிகமாக இங்கே ஒரு இல்லத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

அன்று முதல் அந்தத் தெருவில் எனக்கு ஒரு கதவும் திறக்கவில்லை. நான் சரியாகத்தான் செய்தேன், சுமையா. நீயாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பாய். ஒரே ஒரு வரி எழுது, போதும்.

ரஞ்சனி

*

கீரனூர்
13 ஜூலை 2024

சிவரஞ்சனிக்கு,

ஒரு வரி கேட்டாய். நீ செய்தது தவறு.

அவர் இத்தா இருக்கிறார். கணவனை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருந்து துக்கம் காப்பது. அந்நிய ஆண்கள் முன்னால் வரமாட்டார். அலங்காரம் செய்துகொள்ள மாட்டார். எங்கள் பக்கம் வெள்ளை கட்டுவது வழக்கம். நவம்பரிலேயே ஊரில் பெரியவர்கள் இத்தா இருக்கச் சொன்னார்கள். “அவுக மவுத்தாகல, நான் ஏன் இருக்கணும்?” என்று அவர் கத்தியது தெருவுக்கே கேட்டது. ஜூன் மாதம் அவராகவே ஜமாத்துக்கு ஆள் அனுப்பி, இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். யாரும் அடைத்து வைக்கவில்லை.

நீ சேரனையும் டிரைவரையும் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு, அக்கா ஏன் வெளியே வரவில்லை என்று அறிக்கை எழுதியிருக்கிறாய். வந்தவர்களுக்கு டீ கொடுக்காமல் அனுப்ப எங்கள் ஊரில் யாருக்கும் மனசு வராது. அம்மா வர முடியாததால் பிள்ளை கொடுத்திருக்கிறது.

இதையெல்லாம் நீ எனக்கு எழுதியதே தவறு. அவர் உன்னிடம் வந்தவர், என்னிடம் அல்ல. நான் படித்ததும் தவறு. ஆனாலும் படித்துவிட்டேன்.

ஜனவரியில் நான் ஏன் மறுத்தேன் என்று நீ எழுதவில்லை. அது என் தெரு, தெரிந்தவர்களுக்கு நாம் ஆலோசனை சொல்லக் கூடாது என்றேன். நீ சிரித்துக்கொண்டே, “உங்க ஆளுங்கதானே, நீ போனா சுலபமா முடியும்” என்றாய். மூன்று வருடமாக அந்த மையத்தில் அதைத்தான் கேட்டேன். பர்தா போட்ட யார் படியேறினாலும் கோப்பு என் மேசைக்கு வரும். தேர்வு பயம் என்றாலும் என்னிடம், தூக்கம் வரவில்லை என்றாலும் என்னிடம். நான் படித்த படிப்பு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை, என் பெயர்தான் வேண்டியிருந்தது.

அறிக்கையைத் திரும்பப் பெறு.

சுமையா

*

புதுக்கோட்டை
17 ஜூலை 2024

சுமையா,

இத்தா என்ற சொல் எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? புதுக்கோட்டையில் பிறந்து வளர்ந்தவளுக்குப் பாடம் எடுக்கிறாய். வாத்தியார் வேலை ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது.

வீட்டு வாசலிலேயே சொன்னார்கள், இத்தா இருக்கிறார் என்று. தெரிந்துதான் எழுதினேன். நீங்கள் என்ன பெயர் வைத்தாலும் மூலை மூலைதான். அப்பா இறந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. அன்னவாசல் வீட்டில் நெல் மூட்டைக்குப் பக்கத்து மூலையில் அம்மாவை உட்கார வைத்தார்கள். நான் பள்ளிக்கூடம் விட்டு வருவேன், அம்மா அங்கேயே இருப்பார். அவருடைய அரக்குச் சேலையை அத்தை எடுத்துக்கொண்டு போனாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் இந்தப் படிப்புக்கே வந்தேன். அப்படி உட்கார்ந்திருக்கும் இன்னொரு பெண்ணைப் பார்த்து, இது உங்கள் வழக்கம், நடக்கட்டும் என்று தலையாட்டிவிட்டு வர என்னால் முடியாது.

டீ விஷயத்தை விடு. பள்ளிக்கூடம்? மூன்று வாரம் போகாமல் இருந்தது உண்மைதானே? அதற்கு உன் ஊரில் என்ன பெயர்?

இன்னொன்றும் கேட்கிறேன். உன் உம்மா தினமும் உனக்குப் போன் செய்வார். அக்கா இத்தாவில் உட்கார்ந்தது ஜூன் மாதமே உனக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கோப்பு என்னிடம் இருப்பதும் தெரியும். “ரஞ்சனி, இப்படி இருக்கிறார், பார்த்து நட” என்று ஒரு வரி அனுப்ப உனக்கு மனசு வரவில்லை. நான் சறுக்கி விழட்டும் என்று கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். ஆற்றில் விழுந்தவள் நான் என்றால் பரவாயில்லை. இப்போது குழந்தையல்லவா விழுந்திருக்கிறது?

திரும்பப் பெற மாட்டேன்.

சிவரஞ்சனி

*

கீரனூர்
22 ஜூலை 2024

ரஞ்சனி,

தெரியும். உம்மா சொன்னார்கள். உனக்குச் சொல்லலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். சொன்னால் மறுபடியும் நான் அந்த மையத்தின் இஸ்லாமியப் பிரிவாகிவிடுவேன் என்று தோன்றியது. போனை வைத்துவிட்டேன். அந்தக் குழந்தை என் நினைவிலேயே வரவில்லை.

சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன். வேலையை விட்ட பிறகு போகவேயில்லை. எல்லோரும் ஏன் விட்டாய் என்று கேட்பார்கள். இருந்தாலும் போகிறேன்.

சுமையா

*

கோட்டைப்பட்டினம்
28 ஜூலை 2024

ரஞ்சனி,

அக்காவைப் பார்த்தேன். உளவியலாளராகப் போகவில்லை. சாரா உம்மாள் மகளாகப் போய்ப் பாயில் உட்கார்ந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் சலாம் சொன்னதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “புள்ளையப் பாத்தியா?” என்றார். இல்லை என்றேன். கையை விட்டுவிட்டார். பிறகு அவராகவே சொன்னார்.

“அந்த டாக்டரம்மா நல்லவுகதான், குத்தம் சொல்லக் கூடாது. வாராவாரம் வந்து எம்பக்கத்துல உக்காந்து, அவுக இனி வரமாட்டாக, நம்பும்மா, நம்புனாத்தான் நீ எந்திரிச்சு நடமாட முடியும்னு சொன்னாக. எனக்கு நம்ப முடியல. அஞ்சு மாசம் முடியல. ஒருநா ராத்திரி புள்ள கேட்டுச்சு, மவுத்தானவுகளுக்கு ஓதுற துஆவ வாப்பாவுக்கும் ஓதலாமா உம்மான்னு. அன்னைக்கு நம்பிட்டேன். நம்புனா இத்தா இருக்கணும்ல? இருந்தேன். நம்பச் சொன்னவுகளே வந்து பாத்துட்டு, நம்புனதுக்குப் புள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டாக.”

இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. என்னால்தான் அடக்க முடியவில்லை.

பள்ளிக்கூடம் பற்றிக் கேட்டேன். நீ சொன்னது சரிதான். குழந்தை போகவில்லை. அம்மாவைத் தனியாக விட்டால் அம்மாவும் போய்விடுவார் என்று பயந்து திரைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அது நீ பார்த்திருக்க வேண்டிய பயம். அறிக்கை எழுதுவதற்குப் பதில் ஒரு மணி நேரம் அந்தக் குழந்தையோடு உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும். குழந்தை திரும்பி வந்தால் அக்காவின் நாத்தனார் தினமும் கூட்டிக்கொண்டு போய் விடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

வெளியே வந்து கரையில் கொஞ்ச நேரம் நின்றேன். படகுகள் எல்லாம் போயிருந்தன. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. என் ஊரில் நான் விருந்தாளியாகிவிட்டேன். அது உன்னால் இல்லை. உன்மேல் பழி போடத்தான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுமையா

*

புதுக்கோட்டை
5 ஆகஸ்ட் 2024

அன்புள்ள சுமையா,

உன் கடிதத்தை மூன்று நாள் மேசையில் கவிழ்த்து வைத்திருந்தேன். “நம்புனதுக்கு” என்ற அந்த வார்த்தை சாப்பிடும்போது கேட்கிறது, குளிக்கும்போது கேட்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அன்னவாசல் போனேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். இருபது வருடமாகக் கேட்காத கேள்வியைக் கேட்டேன். “அந்த மூலையில உக்கார வச்சாங்களேம்மா, உனக்கு எப்படி இருந்துச்சு?” என் அம்மா பிரகதாம்பாளை உனக்குத் தெரியும், முறத்தைக் கீழே வைக்காமல்தான் எதையும் சொல்வார். “அந்த ஒரு மாசந்தான்டி எவளும் எங்கிட்ட எதுவும் கேக்கல. அழுக விட்டாங்க. எந்திரிச்சு வெளிய வந்த பெறகுதான் சேலையப் புடுங்குனதும், நல்ல காரியத்துல ஒதுக்கி வச்சதும். மூலை என்னடி செஞ்சுச்சு என்னைய?” என்றார்.

என் வாழ்க்கையையே அந்த மூலையை வைத்துக் கட்டியிருந்தேன், சுமையா. அம்மாவிடம் ஒரு முறைகூடக் கேட்காமல் கட்டியிருந்தேன். அக்காவிடமும் கேட்கவில்லை. திரையைப் பார்த்ததும் பத்து வயதுச் சிவரஞ்சனிதான் உள்ளே போனாள்.

இன்று காலை எழுதிக் கொடுத்துவிட்டேன். என் மதிப்பீடு பிழையானது, என் சொந்தத் துக்கம் அதில் கலந்துவிட்டது, அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்று குழுவுக்கும் மையத்துக்கும். இயக்குநர் ஆத்மநாதன் சார், “இவ்வளவு வெளிப்படையா எழுதணுமாம்மா? கொஞ்சம் மழுப்பி எழுதக் கூடாதா?” என்றார். மழுப்பினால் குழந்தை வர இன்னும் ஒரு மாதம் ஆகும் என்றேன். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று கையில் கடிதம் கொடுத்தார். வாங்கிக்கொண்டு பழனியப்பா முக்கம் வரை நடந்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. போனில் பெயர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். உன் பெயர் மட்டும்தான் இருந்தது, அதில்தான் கூப்பிட முடியாது.

குழு மாதக் கடைசியில் கூடுகிறது. நான் போக முடியாது. நீ போவாயா?

ரஞ்சனி

*

கீரனூர்
31 ஆகஸ்ட் 2024

ரஞ்சனி,

குழந்தை வீட்டுக்குப் போய்விட்டது. முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், நீ தேடிப் படிக்க வேண்டாம்.

என்னை உளவியலாளராகக் கருத்துச் சொல்லச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். தெருக்காரி நான், சொன்னால் செல்லாது. மதுரையிலிருந்து ஒரு மூத்த உளவியலாளர் அம்மா வந்து அக்காவையும் குழந்தையையும் முன்னமே பார்த்து எழுதிக் கொடுத்திருந்தார். நான் ஊர்க்காரியாக மட்டும் கையெழுத்துப் போட்டேன், “சுமையா, சாரா உம்மாள் மகள், கோட்டைப்பட்டினம்” என்று. படித்த பட்டத்தை எழுதாமல் நான் போட்ட முதல் கையெழுத்து அதுதான். நன்றாகத்தான் இருந்தது.

அக்கா வர வேண்டியதே இல்லை என்று சொல்லியிருந்தேன். அவசியம் என்றால் பர்தாவோடு வந்து போகலாம், ஜமாத்திலும் கேட்டாயிற்று என்றும் சொல்லியிருந்தேன். ஆனால் அவர் வந்த கோலம் வேறு. ரோஸ் நிறச் சேலை, கை நிறைய வளையல், பவுடர். முக்காடு மட்டும் இருந்தது. அறைக்குள் வந்ததும் எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். கேட்டதற்கெல்லாம் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். நன்றாகத் தூங்குகிறேன், சாப்பிடுகிறேன், எல்லோரோடும் பேசுகிறேன் என்றார். ஒரு உறுப்பினர் என் பக்கம் சாய்ந்து, “நல்லாத் தேறிட்டாங்களே” என்றார்.

குழந்தையை அழைத்து வந்ததும் அது ஓடி வரவில்லை. அம்மாவின் சேலையை ஒரு நிமிடம் பார்த்தது. பிறகு வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டது.

உன்னைப் பற்றியும் பேச்சு வந்தது. தன் தவறைத் தானே எழுதிக் கொடுத்தவரை இப்போதுதான் பார்க்கிறோம் என்றார்கள். அது உன் வேலையைத் திருப்பித் தருமா என்று தெரியவில்லை.

சுமையா

*

அன்னவாசல்
9 செப்டம்பர் 2024

அன்புள்ள சுமையா,

மைய வேலை போய்விட்டது. அதாவது ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம், புதுப்பிக்கவில்லையாம். மழுப்பி எழுத அவர்களுக்குத் தெரிகிறது. அறையைக் காலி செய்துகொண்டு அம்மாவிடம் வந்துவிட்டேன். சாயங்காலம் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். அம்மாவும் நானும் இரவில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

ஆனால் உன் கடிதம் படித்து எத்தனை நாள் கழித்துத் தூங்கினேன் தெரியுமா? குழந்தை வந்துவிட்டது. அக்கா கலர் சேலை கட்டி, சிரித்துப் பேசி, வெளியே வந்து போகிறார். நான் பிழையாக நடந்தாலும் அவர் நல்லபடியாகத் தேறிவிட்டார். எனக்கு அது போதும். நீ ஊருக்குப் போகும்போது ஒரு எட்டுப் பார்த்துவிட்டு எழுது. என் பெயரைச் சொல்லாதே.

ரஞ்சனி

*

கோட்டைப்பட்டினம்
13 அக்டோபர் 2024

ரஞ்சனி,

இந்தக் கடிதத்தை இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். உனக்குச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றும் நினைத்தேன். ஜூனில் அப்படித்தான் விட்டேன், அதனால் இந்த முறை எழுதுகிறேன்.

அக்காவின் இத்தா இந்த வாரம் முடிந்திருக்க வேண்டும். முடிந்திருந்தால் பிறந்த வீட்டார் புதுச் சேலை எடுத்து வந்திருப்பார்கள். உம்மாவும் நானும் போயிருப்போம். ஆனால் அவர் இத்தாவை ஆகஸ்ட்டிலேயே விட்டுவிட்டார். குழுவுக்கு வந்த அன்று கட்டிய கலர் சேலையைப் பிறகு கழற்றவேயில்லை. தெருவில் பெண்கள் ஜாடையாகப் பேசுகிறார்கள். அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

நேற்று கடைத்தெருவில் ரீசார்ஜ் கடையில் அவரைப் பார்த்தேன். கடைக்காரர் எண்ணைக் கேட்கவில்லை, அவராகவே அடித்தார். கணவரின் எண். செப்டம்பரிலிருந்து போடுகிறாராம்.

கரை வரை அவரோடு நடந்தேன். குழந்தை கையைப் பிடித்துக்கொண்டு வந்தது. நான் எப்படிக் கேட்பது என்று தெரியாமல், “அக்கா, நீங்க நம்புனீங்கல்ல?” என்றேன். குழந்தையை முன்னால் போகச் சொல்லிவிட்டுத்தான் பதில் சொன்னார்.

“நம்புனா அழுகணும் சுமையா. அழுதா உக்காரணும். உக்காந்தாப் புள்ளையத் தூக்கிருவாக. அவுக இருக்காகன்னு வச்சுக்கிட்டா எந்திரிச்சு நடந்துருவேன், சமைச்சிருவேன், சிரிச்சிருவேன். இதுதான் எனக்குத் தோதா இருக்கு.”

ஐந்து மாதம் நீ அவரைக் கைபிடித்து நடத்திய தூரம் முழுவதையும் அவர் திரும்பி நடந்துவிட்டார். இனி நீ போனாலும் நான் போனாலும் மதுரை அம்மாவே வந்தாலும் அவர் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். அதை நம் ஆட்கள் குறித்துக்கொண்டு வருவார்கள்.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். இதைப் படித்த பிறகு கூப்பிடு. நான் பேசாமல் இருந்தாலும் வைத்துவிடாதே.

பிரியும்போது அக்கா உனக்கு ஒரு செய்தி சொன்னார். உன் பெயரை நான் எடுக்கவேயில்லை, அவராகத்தான் சொன்னார். அப்படியே எழுதுகிறேன்.

“அந்த டாக்டரம்மாகிட்டச் சொல்லிரு. நான் இப்ப நல்லாருக்கேன்னு. மறக்காமச் சொல்லிரு, என்ன?”

சுமையா